நாலெழுத்துத் தெரிந்தவர்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எனக்கு, எழுதி எழுதித் தேய்ந்துபோன வாக்கியங்கள் சில உண்டு. "நிகழ்வில் புத்திஜீவிகள், கல்விமான்கள், வர்த்தகப் பிரமுகர்கள் உட்படப் பெருந்தொகையானோர் கலந்துகொண்டனர்" என்பது அவற்றுள் ஒன்று. செய்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் பதுளையிலிருந்து வந்தாலும் இந்த வாக்கியத்தில் மாற்றமிராது. ஊரின் பெயரையும் திகதியையும் மாற்றிக்கொண்டால் போதுமானது. கல்விமான் யாரென்று ஓரளவு சொல்லிவிடலாம். வர்த்தகப் பிரமுகரை அவர் கொடுக்கும் விளம்பரத்தைக் கொண்டு அறியலாம். ஆனால், புத்திஜீவி என்பவர் யார்? அவரை எதைக் கொண்டு அடையாளம் காண்பது?

தமிழகத்து நண்பர்கள் 'அறிவுஜீவி' என்று எழுதுகிறார்கள். அங்கே அச்சொல்லின் ஓரத்தில் ஒரு மெல்லிய ஏளனம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்கிறேன். நடைமுறை தெரியாமல் பேசுபவர் என்ற குறிப்பு அதில் உண்டு. இலங்கையில் நாம் வழங்கும் 'புத்திஜீவி'யோ பெரும்பாலும் மாலை மரியாதையுடன்தான் வருகிறது. அழைப்பிதழில் அச்சிடப்படும், மேடையில் அறிவிக்கப்படும், இறந்தபின் அஞ்சலிக் குறிப்பில் இடம்பெறும். இரண்டு சொற்களிலும் வால் ஒன்றுதான். 'ஜீவி' என்றால் பிழைப்பவர், வாழ்பவர். புத்தியைக் கொண்டு பிழைப்பவர் புத்திஜீவி.

இந்தச் சொல் வடமொழியில் மிகப் பழையது. ஆனால், நாம் நினைக்கும் பொருளில் அங்கு வழங்கவில்லை. மனுஸ்மிருதியின் முதல் அத்தியாயத்தில் படைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும் ஓர் இடம் உண்டு. பொருள்களில் உயிருள்ளவை மேல். உயிருள்ளவற்றில் புத்தியால் பிழைப்பவை மேல். புத்தியுள்ளவற்றில் மனிதர் மேல் என்று அது ஏறிச்சென்று, உச்சியில் அந்தணரை அமர்த்துகிறது. கவனியுங்கள், 'புத்திஜீவி' என்ற சொல் அங்கே மனிதருக்குக் கீழ்ப்படியிலேயே வந்துவிடுகிறது. வெயில் தாங்காமல் நிழல் தேடி ஒதுங்கும் விலங்கும் அந்தக் கணக்கில் புத்திஜீவிதான். இன்று முன்வரிசையில் அமர்வதற்கு நாம் சூட்டிக்கொள்ளும் பட்டத்தை, பழைய நூல் நாய்க்கும் நரிக்கும் சேர்த்தே வழங்கியிருக்கிறது!

நவீனப் பொருள் ஐரோப்பாவிலிருந்து வந்தது. போலந்திலும் ரஷ்யாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'இன்டெலிஜென்ட்சியா' என்னும் சொல் புழக்கத்துக்கு வந்தது. போலந்துத் தத்துவவாதி கரோல் லிபெல்ட் 1844இல் அதைப் பயன்படுத்தினார். ரஷ்யாவில் 1860களில் அதைப் பரப்பியவர் நாவலாசிரியர் பொபொரிக்கின். பிரான்ஸில் நடந்த கதை இன்னும் சுவையானது. செய்யாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட டிரைபஸ் என்ற யூத இராணுவ அதிகாரிக்காக, எமிலி ஸோலா 1898 ஜனவரி 13ஆம் திகதி ஒரு பத்திரிகையில் ஜனாதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மறுநாளிலிருந்து எழுத்தாளரும் பேராசிரியரும் விஞ்ஞானிகளும் மனுவில் ஒப்பமிடத் தொடங்கினர். எதிரணியில் இருந்த மொரிஸ் பாரெஸ் போன்றோர் அவர்களைக் கேலிசெய்வதற்கு எடுத்துக்கொண்ட சொல்தான் 'புத்திஜீவிகள்' என்பது. கேலி நாளடைவில் கௌரவமாயிற்று. அந்தச் சொல் ஐரோப்பிய அரசியலில் உறுதியாகக் கால் ஊன்றியது, படித்தவர்கள் தம் படிப்பை இன்னொருவனுக்காகச் செலவிட்ட ஒரு சந்தர்ப்பத்திலேதான். இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தமிழில் நமக்கென்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. புலவர், அறிஞர், கற்றோர், சான்றோர் என்று அடுக்கலாம். 'சால்' என்னும் வேர் நிறைவைக் குறிப்பது. நிறைந்தவர் சான்றோர். சங்கப் பாடல்களில் அச்சொல் போர்வீரரையும் குறித்தது என்று ஆராய்ச்சியாளர் காட்டுவர். பிற்காலத்தில்தான் அது குணத்தாலும் கல்வியாலும் நிறைந்தவர்மேல் சென்று தங்கியது. 'கல்விமான்' கலப்புத் திருமணத்தில் பிறந்த சொல்: தலை தமிழ், வால் வடமொழி. 'கல்' என்னும் வேருக்கு, தோண்டுதல் என்ற பொருள்தரும் 'கல்லுதல்' என்பதோடு உறவு காட்டி விளக்குவோரும் உண்டு. தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணியைக் கல்விக்கு உவமை சொன்ன வள்ளுவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கல்வி தோண்டுதல் என்றால், முள்ளுக் குத்தி, கான் வெட்டி, குழி பறித்து ஊவாவின் மலைகளைத் தேயிலையால் மூடியவர்களைவிடப் பெரிய கல்விமான்கள் யார் என்று கேட்கத் தோன்றும்.

இது வெறும் சொல் விளையாட்டு அன்று என்பதை எனக்கு உணர்த்தியவர் ஒரு முதியவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் பதுளை நகரில் நடந்த ஒரு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். முதல் வரிசை நாற்காலிகளில் 'அதிதிகள்' என்றும், இரண்டாம் வரிசையில் 'புத்திஜீவிகள்' என்றும் காகிதம் ஒட்டியிருந்தது. அறிவிப்பாளர் என் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தை இரண்டு முறை சொன்னார். பேத்தியின் பரிசளிப்பைப் பார்க்க வந்திருந்த, தோட்டத்தில் சாக்குக்காரராக வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், இடம் தெரியாமல் என்னருகில் வந்து அமர்ந்துவிட்டார். மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, ஒங்களச் சொன்னாங்களே, புத்தி... அது என்னாங்க?"

"புத்தியால பொழைக்கிறவங்கன்னு அர்த்தமுங்க ஐயா."

அவர் சற்று யோசித்தார். "அப்ப நாங்க இம்புட்டு நாளா புத்தியில்லாமயா பொழச்சோம்?" என்றார். கோபமோ குத்தலோ அவர் குரலில் இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். சிறிது நேரத்தில் ஓர் இளைஞர் வந்து அவரை மரியாதையாகப் பின்வரிசைக்கு அழைத்துச்சென்றுவிட்டார்.

அவருடைய கேள்விக்கு விடை சொல்ல முனைந்தால் ஊவாவின் தேயிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை இம்மலைகளில் வீசும் வறண்ட காற்றினால் கொழுந்துக்கு ஒரு தனி மணம் ஏறுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் பெற்றுத்தந்தது அந்த மணந்தான். அதைக் கொழுந்தின் தொடுகையிலேயே அறிந்து சொல்லும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கவ்வாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் பிடித்தால் செடி தழைக்கும், எந்தச் சாய்வில் பிடித்தால் மழைநீர் இறங்கிக் கிளை அழுகும் என்பது கவ்வாத்துக்காரருக்குக் கையிலே இருக்கும் அறிவு.

இதன் மறுபக்கத்தை அண்மைக் காலத்தில் கண்டோம். சிங்களத்தில் படித்தவர்களைக் குறிக்க 'உகத்', 'வியத்' என்ற சொற்கள் வழங்குகின்றன. படித்தவர்களின் பாதை என்னும் பொருளில் 'வியத்மக' என்று பெயர் சூட்டிக்கொண்ட அமைப்பின் ஆதரவோடு 2019இல் ஓர் ஆட்சி வந்தது. 2021 மே மாதம் அந்த ஆட்சி இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தது. அதே ஆண்டின் இறுதிக்குள் தடையை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. ஆனால், உரம் காணாத செடி பொறுத்திருக்குமா? 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சரிந்தது. உரமில்லாவிட்டால் கொழுந்து வராது என்பதை எந்த லயத்துக்குப் போய்க் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

தோட்டங்களில் படித்தவர் என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது அவ்வளவு இனிமையானது அன்று. தோட்டத்தில் முதன்முதலாக எழுதத் தெரிந்தவராக அறியப்பட்டவர் கணக்கப்பிள்ளை. அவர் எழுதுவது தொழிலாளியின் பெயரை. ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்', பாதி நாளுக்கு 'அரைப் பேர்' என்பது இன்றும் தோட்டத்து வழக்கு. பேர் விழுந்தால் சம்பளம், விழாவிட்டால் அன்றைய உழைப்பு மண்ணோடு போயிற்று. தன் பெயரைத் தானே எழுதத் தெரியாத மனிதனின் கூலி, அவன் பெயரை எழுதத் தெரிந்த இன்னொருவனின் பேனா முனையில் இருந்தது.

அதற்கும் மேலே 'துண்டு' இருந்தது. கங்காணியின் கீழ்க் கடன்பட்டுக் கிடந்த தொழிலாளர், ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் காகிதத் துண்டு அது. தமிழ்ச் சொல்லே ஆங்கிலேயரின் ஆவணங்களிலும் ஏறியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்யும்வரை, தங்களால் வாசிக்க முடியாத ஒரு காகிதத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. எழுத்தறிவு அங்கே விளக்காக வரவில்லை. விலங்காகத்தான் வந்தது.

இதே பதுளையில் எழுத்துக்கு வேறொரு முகமும் இருந்தது என்பதை நகரின் பொது நூலக வளாகத்தில் நிற்கும் தூண் கல்வெட்டில் காணலாம். பத்தாம் நூற்றாண்டுக்குரிய அந்தச் சிங்களக் கல்வெட்டு மகியங்கனைப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. சந்தையில் அதிகாரிகள் விதிகளை மீறித் தங்களை வருத்துகிறார்கள் என்று வணிகரும் குடிகளும் அரசனிடம் முறையிட, அதிகாரிகள் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று கல்லில் எழுதிவைத்தார்கள். எழுத்து ஆளுபவனின் கையைக் கட்டவும் கூடும், உழைப்பவனின் காலைக் கட்டவும் கூடும். துண்டையும் தூணையும் செதுக்கியவர்கள், எழுதியவர்கள் எல்லோரும் படித்தவர்களே. வேறுபாடு, யாருக்காக எழுதினார்கள் என்பதில் இருக்கிறது.

பசறை வீதியை அண்டிய ஒரு தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். என் அப்பாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால், எங்கள் காம்பராவின் அடுப்படிச் சுவரில் அவர் கரிக்கோடுகள் இழுத்து வைத்திருப்பார். நின்ற கோடு முழுப் பேர், படுத்த கோடு அரைப் பேர். பக்கத்தில் சிறு புள்ளிகள் அன்று எடுத்த கொழுந்தின் இறாத்தல் கணக்கு. ஒருமுறை சம்பள நாளில் தனக்கு இரண்டு பேர் குறைவதாக ஆபீசு வாசலில் நின்று வாதாடினார். "எழுதி வச்சிருக்கியா?" என்று கேட்டார்களாம். "செவுத்துல வச்சிருக்கேன், வந்து பாருங்க" என்றாராம். யாரும் வந்து பார்க்கவில்லை. ஆனால், அடுத்த மாதம் அந்த இரண்டு பேரும் சேர்க்கப்பட்டிருந்தன. அப்பாயியின் சுவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? எழுத்தறிவற்றோர் என்று குடிசன மதிப்பீட்டில் ஒரு நிரல் உண்டு. அவர் அந்த நிரலில்தான் கடைசிவரை இருந்தார்.

தோட்டப் பள்ளிக்கூடத்தின் கதை பலருக்குத் தெரிந்ததே. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குத் தோட்ட நிருவாகத்தைப் பொறுப்பாக்கின. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் நிழலில் நிற்க முடியாமல் தனியே விடப்பட்டன. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கியது. பள்ளிகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். நான் படிக்கத் தொடங்கியதும் அந்தக் காலத்திலே. ஒரே மண்டபத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை இருக்கும். ஒரே வாத்தியார்.

அந்த ஆண்டுகளில் எங்கள் லயங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் புகையிரதம் ஏறியவர்களின் அழுகையினால், அந்தப் புகையிரதத்துக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் நிலைத்தது. போனவர்களிடமிருந்து கடுதாசிகள் வந்தன. மண்டபம் முகாமிலிருந்து, கூடலூரிலிருந்து, கோத்தகிரியிலிருந்து வந்த நீல நிற வான்கடிதங்கள். வாசிப்பதற்கு லயத்தில் ஆளில்லை. வாத்தியாரிடம் கொண்டுபோவார்கள். அவருக்குக் கூட்டம் தாங்காமல், நான்காம் வகுப்பில் ஓரளவு தடங்கலின்றி வாசித்த என்னையும் இன்னொரு பையனையும் அந்தப் பணிக்கு நியமித்தார்.

அப்போது அவர் சொன்ன விதிகள் எனக்கு இன்றும் மனப்பாடம். "காயிதத்துல இருக்கிறத மட்டும் வாசி. சொந்தச் சரக்கு ஒண்ணும் சேக்காத. வாசிச்சத வெளியில பேசாத. காசு குடுத்தா வாங்காத. எழவுச் சேதி இருந்தா காலையில வாசிக்காத. பெரட்டுக்குப் போறவங்க மலையில வழுக்கி விழுந்துருவாங்க. அந்தில வாசி." பின்னாளில் பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டத்துக்காகப் படித்தபோதும், பத்திரிகை அலுவலகத்தில் பயிலுநராகச் சேர்ந்தபோதும், இதைவிடச் செறிவான ஓர் ஒழுக்க விதிக்கோவையை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை.

அந்த நாட்களில் லயத்துப் பெண்கள் என்னை அழைத்த விதமும் நினைவிருக்கிறது. "நாலெழுத்துத் தெரிஞ்ச புள்ள, இத கொஞ்சம் வாசிச்சுக் காட்டுய்யா." தோட்டத்தில் படித்தவருக்கு வழங்கிய பெயர் அதுதான். நாலெழுத்துப் படித்தவன், நாலெழுத்துத் தெரிந்தவள். மேலைநாட்டார் கற்றோர் கூட்டத்துக்கு 'லிட்டராட்டி' என்கிறார்கள். அந்த இலத்தீன் சொல்லைப் பிரித்தால் உள்ளே இருப்பது 'லிட்டெரா', அதாவது எழுத்து. எழுத்தறிந்தோர் என்பதே அதன் பொருள். எங்கள் அப்பாயிமார் ரோமாபுரியின் சொல்லை அப்படியே பிடித்துவிட்டார்கள் போலும்! ஆனால், ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இலத்தீன் சொல் ஒரு தகுதியைச் சொல்லி நின்றுவிடுகிறது. தோட்டத்துச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வேண்டுகோள் வரும். நாலெழுத்துத் தெரிந்தவன் என்று சொல்லிவிட்டுச் சும்மா விடமாட்டார்கள், கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த வேண்டுகோளை ஏற்றவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியார் நுழைய முடியாதிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியைப் போல் புகுந்து நிலைமையை அறிந்து எழுதியவர். 1920களில் 'தேசபக்தன்' நடத்திய பத்திரிகையாளர், தொழிற்சங்கவாதி, சட்டசபை உறுப்பினர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள், வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரிகை எதற்கு என்று எண்ணாமல், செய்தியைப் பாட்டாக்கித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் கற்பித்த இர. சிவலிங்கம், 1960களில் மலையக இளைஞர்களை எழுதவும் பேசவும் தூண்டியவர். பின்னாளில் தமிழகம் சென்று, நீலகிரியில் தாயகம் திரும்பிய மக்களோடு நின்றார். இவர்களை எவரும் இரண்டாம் வரிசையில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. மனிதர் எல்லோரும் புத்திஜீவிகளே, ஆனால் சமூகத்தில் அந்தத் தொழிலைச் செய்பவர் எல்லோருமல்லர் என்று இத்தாலியச் சிறையிலிருந்து அந்தோனியோ கிராம்ஷி எழுதினார். பதுளைப் பெரியவரின் கேள்விக்கு அதில் பாதி விடை இருக்கிறது. மீதி விடையை நாம்தான் சொல்ல வேண்டும்.

காலம் மாறிவிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன் நாடற்றவர் என்ற நிலை நீங்கியது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். நான் பிறந்த தோட்டத்துக்குப் போகும் அதே பசறை வீதியில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் ஆரம்பிக்கப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு அங்கே ஒரு பட்டப்படிப்பே உண்டு. நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்தின் பிள்ளை இன்று தேயிலையைப் பற்றிப் பட்டம் பெறலாம். சட்டத்தரணிகள், வைத்தியர்கள், விரிவுரையாளர்கள், அதிபர்கள் என்று நம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், இவர்களிற் பலருடைய முகவரியில் தோட்டத்தின் பெயர் இல்லை. லயத்தில் பிறந்ததைச் சொல்லக் கூச்சம், ஏளனத்துக்கு அஞ்சிய எச்சரிக்கை, வேலை கொழும்பில் என்ற உண்மை, எல்லாம் கலந்த காரணங்கள். நானும் கொழும்பில்தான் வசிக்கிறேன். ஆகவே எவரையும் நோக்கி விரல் நீட்ட எனக்கு உரிமையில்லை. போகாதே என்று சொல்வதும் நியாயமன்று. லயத்தை விட்டு வெளியேறுவதற்காகத்தானே அப்பாயிமார் எங்களைப் படிக்க அனுப்பினார்கள்!

ஆனால், போனவர்களின் வெற்றிடம் எத்தகையது என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது நாடு கண்டது. அது மண்சரிவு அபாயப் பகுதி, மக்கள் அங்கிருந்து அகற்றப்பட வேண்டும் என்ற எச்சரிக்கைகள் ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தன. ஆய்வு செய்த படித்தவர் இருந்தார், அறிக்கை எழுதிய படித்தவர் இருந்தார், அதைக் கோப்பில் இட்ட படித்தவரும் இருந்தார். அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, மாற்று நிலம் எங்கே என்று விடாமல் கேட்டு, லயத்து மக்களோடு கடைசிவரை நிற்கும் படித்தவர்தான் போதவில்லை. நாலெழுத்துத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் எழுத்து இருந்தும் பயனில்லை.

கடந்த ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது சின்னம்மா ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டையின் பிரதி, ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள், எல்லாம் அதற்குள். மேலே ஒரு கடிதம் மூன்று வாரமாகப் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. சிங்களத்தில் இருந்தது. அரசியலமைப்பின்படி தமிழும் நிருவாக மொழிதான். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவையே. இருந்தும் கடிதம் சிங்களத்தில் வந்திருந்தது. அந்த லயத்தில் உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைகள் ஏழு பேர் என்று சின்னம்மா பெருமையோடு விரல்விட்டு எண்ணினார். ஒருவரும் ஊரில் இல்லை.

நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், பக்கத்துக் காம்பராவிலிருந்து சாதாரண தரம் படிக்கும் ஒரு சிறுமி வந்து கடிதத்தை வாங்கினாள். இரண்டாம் மொழியாகப் பாடசாலையில் படித்த சிங்களம். ஒரு வரியைச் சிங்களத்தில் வாசிப்பாள், உடனே தமிழில் சொல்வாள். பாதியில் நிறுத்தி, பையிலிருந்த மற்றக் காகிதங்களையும் எடுத்துத் தரையில் பரப்பினாள்.

"ஆச்சி, ஒங்க பேரு இதுல ஒரு மாதிரி, ஐடியில ஒரு மாதிரி, பர்த் சேட்டிபிகேட்ல இன்னொரு மாதிரி இருக்கு. அதத்தான் கேக்குறாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு கடுதாசி குடுக்கணும். இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு."

நாற்பது ஆண்டுகள் மலையேறிய ஒரு பெண்ணின் ஓய்வுகாலப் பணம், யாரோ ஓர் எழுதுநர் என்றோ காதில் விழுந்தபடி எழுதிவைத்த ஒரு பெயரில் சிக்கிக்கொண்டிருந்தது. தோட்டத்து முதியோர் எத்தனையோ பேருக்கு இதே கதைதான். அன்று பேர் விழாமல் போனது கூலியை விழுங்கியது. இன்று பேர் பிழையாய் விழுந்தது சேமிப்பை விழுங்கப் பார்க்கிறது. அந்தச் சிறுமி மறுநாள் பாடசாலை முடிந்து கிராம உத்தியோகத்தரிடம் சின்னம்மாவை அழைத்துச்சென்றாள். ஒன்பது நாளுக்குள் காரியம் முடிந்தது. அவள் இன்னும் எந்தப் பட்டமும் பெறவில்லை. எந்த விழாவிலும் அவளுக்கு நாற்காலி ஒதுக்கமாட்டார்கள்.

'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்றொரு பழமொழி நம்மிடம் உண்டு. படித்தவர்மேல் படியாதவருக்கு இருந்த பழைய ஐயம் அதில் ஒலிக்கிறது. அந்த ஐயத்துக்குத் தோட்டங்களில் நியாயமான காரணம் இருந்தது. கணக்கேடும் துண்டும் அதற்குச் சாட்சி. அந்த ஐயத்தைத் தீர்க்கும் வழி புதிய பட்டங்களைச் சூட்டிக்கொள்வதில் இல்லை.

புத்திஜீவி என்ற சொல்லைச் செய்திகளிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால், புத்தியால் பிழைத்தல் என்பது மனிதருக்கு மட்டும் உரியதன்று என்று மனுவே சொல்லிவிட்டார். தன் புத்தியால் பிறரும் பிழைக்கும்படி வாழ்பவருக்கு ஒரு சொல் வேண்டுமானால், அது அகராதியில் இல்லாவிட்டாலும் லயத்தில் இருக்கிறது. அடுத்த முறை எவரேனும் உங்களைப் படித்தவர் என்று சொன்னால், நன்றி சொல்வதற்கு முன்னர் அவர் கையைப் பாருங்கள். அங்கே வாசிக்கப்படாத ஒரு காகிதம் இருக்கக்கூடும்.